கரண்ட் மீட்டர் தட்டும் கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க்கும்
தொடாமலே பிரேக் போடும் 'எடி கரண்ட்' நம் வீட்டில் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது?

சேலையூரில் எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். தெருவில் எல்லோருக்கும் அவர் 'சார்'தான். ஒரு நாள் காலையில் கையில் மின் கட்டண விவரத்துடன் வந்து நின்றார்.

"தம்பி, நீங்க கம்ப்யூட்டர் ஆளு. இதுக்கு ஒரு வழி சொல்லுங்க. பழைய சக்கர மீட்டர் இருந்தவரைக்கும் 2 மாசத்துக்கு 470, 480 யூனிட்டுக்கு மேல போனதே இல்லை. புது மீட்டர் மாட்டினதும் 530. இந்த டிஜிட்டல் மீட்டர் வேகமா ஓடுது."

தாம்பரம், குரோம்பேட்டை, சிட்லபாக்கம் பக்கம் இந்தப் புகாரைக் கேட்காத டீக்கடையே கிடையாது. சாருக்கு இது வெறும் 50 யூனிட் விவகாரமும் அல்ல. 2 மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமின்றிக் கீழ்ப்படியில் உள்ள சில யூனிட்டுகளுக்கும் சேர்த்து விலை கூடிவிடும். பென்ஷனில் குடும்பம் நடத்துகிறவருக்கு அது சுருக்கென்று தைக்கும்.

மீட்டர் சரியா, தப்பா என்று வீட்டிலேயே சோதிக்க முடியும். அதற்கு முன் பழைய மீட்டரில் அந்த அலுமினியச் சக்கரம் எப்படிச் சுற்றியது என்பது தெரிந்திருக்க வேண்டும். அதைப் புரிந்துகொண்டால் இண்டக்ஷன் அடுப்பு, செல்போன் சார்ஜர், மெட்டல் டிடெக்டர், கல்பாக்கம் அணு உலைச் சோதனை எல்லாமே புரிந்துவிடும். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: 'எடி கரண்ட்'. பள்ளிப் புத்தகத்தில் இதற்குப் பெயர் சுழல் மின்னோட்டம்.

எடி கரண்ட் என்றால் என்ன?

மழைக்காலத்தில் ஏரியின் மதகைத் திறந்துவிட்டால், வேகமாகப் பாயும் தண்ணீரின் ஓரத்தில் சிறு சிறு சுழிகள் உருவாகும் அல்லவா? உலோகத் தகட்டுக்குள் மின்சாரம் அப்படிச் சுழித்துக்கொண்டு ஓடுவதுதான் எடி கரண்ட். ஒயர் வேண்டாம், ஸ்விட்ச் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். மின்சாரம் கடத்தும் ஓர் உலோகம், அதன் அருகே மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் இரண்டும் இருந்தால் போதும். காந்தம் நகர்ந்தாலும் சரி, உலோகம் நகர்ந்தாலும் சரி, இரண்டும் சும்மா இருக்கக் காயிலில் ஏ.சி. மின்சாரம் பாய்ந்தாலும் சரி, இது உண்டாகும்.

1824-ல் பிரான்சின் அராகோ, சுற்றும் செம்புத் தட்டுக்கு மேல் தொங்கும் காந்த ஊசியும் தட்டோடு சேர்ந்து திரும்புவதைக் கண்டார். செம்பைக் காந்தம் இழுக்காதே, பிறகு ஊசி ஏன் திரும்புகிறது? அவருக்குக் காரணம் தெரியவில்லை. 1831-ல் மைக்கேல் ஃபாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தபோதுதான் விடை கிடைத்தது. 1834-ல் லென்ஸ் தன் விதியைச் சொன்னார்: தூண்டப்படும் மின்னோட்டம், தன்னை உண்டாக்கிய மாற்றத்தை எதிர்க்கும் திசையிலேயே ஓடும். 1855-ல் ஃபூக்கோ, காந்த முனைகளுக்கு நடுவே செம்புத் தட்டைச் சுற்றுவது கடினமாவதையும், தட்டு சூடாவதையும் காட்டினார்.

ஆக, எடி கரண்டுக்கு 2 குணங்கள். ஒன்று, அசைவை எதிர்க்கும். அதாவது பிரேக் போடும். இரண்டு, உலோகத்தைச் சூடாக்கும். பிரேக் போடுவதால் குறையும் வேகம் எங்கே போகிறது என்றால், அந்தச் சூடாகத்தான் போகிறது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வீட்டிலேயே செய்து பாருங்கள்

உங்களிடம் கெட்டுப்போன 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் ஒன்று நிச்சயம் இருக்கும். இல்லையென்றால் தெரிந்த சர்வீஸ் சென்டரில் கேளுங்கள், சும்மாவே கொடுப்பார்கள். அதில் முக்கியமான ஃபைல் எதுவும் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். திறந்த பிறகு அதிலிருந்து எதையும் மீட்க முடியாது.

1. நட்சத்திரத் தலை ஸ்க்ரூவைக் கழற்றும் டார்க்ஸ் ஸ்க்ரூ டிரைவரால் மேல் மூடியைக் கழற்றுங்கள். ஒரு ஸ்க்ரூ பெரும்பாலும் லேபிளுக்கு அடியில் ஒளிந்திருக்கும். தடவிப் பார்த்தால் பள்ளம் தெரியும்.

2. உள்ளே கண்ணாடி போல் மின்னும் தட்டும், மூலையில் ரீட் ஹெட்டை அசைக்கும் பகுதியும் இருக்கும். அந்த மூலையில் இரும்புப் பட்டையோடு ஒட்டியபடி நியோடிமியம் காந்தம் இருக்கும். பட்டையோடு சேர்த்தே எடுங்கள். ஹெட்டையும் வெளியே எடுத்துவிடுங்கள்.

3. தட்டை விரலால் வேகமாகச் சுற்றிவிடுங்கள். எத்தனை விநாடியில் நிற்கிறது என்று பாருங்கள்.

4. மீண்டும் அதே வேகத்தில் சுற்றிவிட்டு, காந்தத்தின் முகத்தைத் தட்டின் ஓரத்துக்கு மேலே, தொடாமல், 2 அல்லது 3 மில்லி மீட்டர் இடைவெளியில் பிடியுங்கள். கண்ணுக்குத் தெரியாத கை ஒன்று பிடித்தது போல் தட்டு சீக்கிரமே நின்றுவிடும்.

தட்டு அலுமினியம். நின்ற தட்டின் அருகே காந்தத்தைக் கொண்டு போனால் ஒட்டாது. ஆனால் சுற்றும்போது மட்டும் பிடித்து நிறுத்துகிறது. இதுதான் காந்த பிரேக்.

இப்போது ஒரு பழைய சி.டி.யை வேறோர் அச்சில் பொருத்திச் சுற்றிப் பாருங்கள். நடு ஓட்டை அளவு பொருந்தாவிட்டால் கொஞ்சம் பேப்பர் சுற்றிக்கொள்ளலாம். காந்தத்தைக் காட்டினால் ஒன்றுமே ஆகாது. சி.டி.யிலும் அலுமினியம் இருக்கிறது. ஆனால் அது மிக மெல்லிய பூச்சு. மின்சாரம் சுழித்து ஓட அங்கே இடம் போதாது. எடி கரண்டுக்கு உலோகத்தின் கனமும் முக்கியம் என்பது இதில் தெரிந்துவிடும்.

உங்கள் யு.பி.எஸ். டிரான்ஸ்ஃபார்மரின் உள்ளே இரும்பைக் கட்டியாக வைக்காமல், இன்சுலேஷன் பூசிய மெல்லிய தகடுகளாக அடுக்கி வைத்திருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். கட்டியாக இருந்தால் எடி கரண்ட் தாராளமாகச் சுழன்று இரும்பைக் காய்ச்சிவிடும். தகடாக நறுக்கினால் சுழல் உடைந்துவிடும். கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இன்னும் ஒரு படி மேலே போய், மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாத ஃபெரைட் என்ற பொருளையே வைத்துவிட்டார்கள். அங்கே விநாடிக்குப் பல ஆயிரம் முறை மின்சாரம் மாறுவதால், தகடு அடுக்கினாலும் கட்டுப்படாது.

கவனிக்க: இந்தக் காந்தங்கள் பலமானவை. இரண்டு சேர்ந்தால் விரல் தோலைக் கவ்விவிடும். கீழே விழுந்தால் சில்லுச் சில்லாக உடையும். குழந்தைகள் இரண்டு காந்தங்களை விழுங்கிவிட்டால் குடலுக்குள் ஒன்றோடொன்று ஒட்டி உயிருக்கே ஆபத்தாகலாம். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் கிட்டே வரக்கூடாது. லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கில் தட்டு கண்ணாடியாக இருக்கலாம், உடைந்தால் கண்ணில் தெறிக்கும். அதைத் திறக்க வேண்டாம்.

பழைய மீட்டரில் நடந்தது இதுதான்

சுற்றும் அலுமினியத் தட்டு, ஓரத்தில் ஒரு காந்தம் என்று நீங்கள் இப்போது செய்து பார்த்ததேதான் அந்தக் காலத்து கரண்ட் மீட்டர். வீட்டு வாசலில் கறுப்புப் பெட்டிக்குள் சிவப்பு அடையாளம் போட்ட தட்டு சுற்றியதை 90-களில் வளர்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இத்தாலியின் ஃபெராரிஸ் 1885-ல் காட்டிய சுழலும் காந்தப்புலம்தான் இதன் அடிப்படை. மீட்டருக்குள் 2 காயில்கள். ஒன்று வோல்டேஜுக்கு, இன்னொன்று நாம் இழுக்கும் கரண்டுக்கு. இரண்டும் சேர்ந்து தட்டுக்குள் எடி கரண்டை உண்டாக்கித் தட்டைத் தள்ளும். எவ்வளவு வாட் செலவாகிறதோ அவ்வளவு தள்ளு.

தள்ளுவது மட்டும் இருந்தால் தட்டு வேகம் எடுத்துக்கொண்டே போகுமே! அங்கேதான் நிரந்தரக் காந்தம் வருகிறது. தட்டு எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ, அவ்வளவு பிரேக். தள்ளும் விசை வாட்டுக்கு ஏற்ப. பிரேக் வேகத்துக்கு ஏற்ப. இரண்டும் சமமாகும் இடத்தில் தட்டு ஒரே சீராக ஓடும். 2 மடங்கு வாட் செலவானால் சரியாக 2 மடங்கு வேகம். பிறகு பல் சக்கரம் வைத்துச் சுற்றுகளை எண்ணினால் யூனிட் வந்துவிடுகிறது. கம்ப்யூட்டர் சிப் எதுவும் இல்லாமல், வோல்டேஜையும் கரண்டையும் பெருக்கி, விநாடி விநாடியாகக் கூட்டிக்கொண்டே போன கருவி இது. ஒரு வகையில் நம் வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர் என்றே சொல்லலாம்.

ஆனால் வயதானால் இதற்கும் கோளாறு வரும். பிரேக் காந்தம் வலுவிழந்தால் தட்டு வேகமாக ஓடும், நமக்கு நஷ்டம். அச்சின் பேரிங் தேய்ந்து தூசி சேர்ந்தால் தட்டு மந்தமாகும். அதுவும் குறைந்த லோடில் அதிகம் மந்தமாகும். இரவில் மோடம், செட் டாப் பாக்ஸ், சார்ஜர் மட்டும் ஓடும்போது, தேய்ந்த மீட்டரின் தட்டு அசையாமலே கூட நிற்கலாம். டிஜிட்டல் மீட்டரில் அசையும் பாகம் கிடையாது. சில வாட் லோடையும் அது கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

காந்தத்தை மீட்டர் மேல் வைத்தால் பில் குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இன்றைய மீட்டர்கள் பலவும் வெளிக் காந்தத்தைக் கண்டுபிடித்துத் தேதி, நேரத்தோடு மெமரியில் பதிந்துவிடும். 2003-ம் வருட மின்சாரச் சட்டத்தின் 135-வது பிரிவில் அது மின் திருட்டு. 3 வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.

உங்கள் மீட்டரைச் சோதிக்கும் முறை

டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் 3200 ஐ.எம்.பி./கே.டபிள்யூ.ஹெச். என்பது போல் ஓர் எண் இருக்கும். 1 யூனிட்டுக்குச் சிவப்பு விளக்கு 3200 முறை மின்னும் என்று அர்த்தம். எண் மீட்டருக்கு மீட்டர் மாறும், முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. வீட்டில் உள்ள எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஃப்ரிட்ஜ், மோடம், இன்வெர்ட்டர் உட்பட. விளக்கு மின்னுவது நின்றுவிட வேண்டும். நிற்கவில்லையென்றால் எங்கோ கரண்ட் போய்க்கொண்டிருக்கிறது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

2. 1000 வாட் அயர்ன் பாக்ஸை அதிகபட்சச் சூட்டில் வைத்துப் போடுங்கள். 1000 வாட் என்றால் மணிக்கு 1 யூனிட், அதாவது மணிக்கு 3200 மின்னல்.

3. செல்போனில் ஸ்டாப் வாட்ச்சைப் போட்டு 50 மின்னல்களை எண்ணுங்கள். 56 விநாடி ஆக வேண்டும். அயர்ன் பாக்ஸ் சூடேறித் தானாக 'கட்' ஆவதற்குள் எண்ணி முடித்துவிடுங்கள்.

ஒரு விஷயம். அயர்ன் பாக்ஸில் போட்டிருக்கும் 1000 வாட் என்பது 230 வோல்ட்டுக்கு. மாலையில் வோல்டேஜ் 210-க்கு இறங்கினால் அது இழுப்பது சுமார் 830 வாட்தான். அப்போது 50 மின்னலுக்கு 67 விநாடி ஆகும். ஆகவே உங்கள் ஸ்டெபிலைசரிலோ இன்வெர்ட்டரிலோ வோல்டேஜைப் பார்த்துக்கொண்டு முடிவுக்கு வாருங்கள். 56-க்குப் பதில் 40 விநாடியிலேயே 50 எண்ணிவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். அப்போது எழுத்து மூலம் மீட்டர் சோதனைக்கு விண்ணப்பியுங்கள்.

சக்கர மீட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குதான். 1 யூனிட்டுக்கு 600 சுற்று என்று போட்டிருந்தால், 100 வாட் குண்டு பல்பு மட்டும் எரியும்போது தட்டு நிமிடத்துக்கு 1 சுற்று சுற்ற வேண்டும்.

சார் வீட்டில் எண்ணினோம். 50 மின்னலுக்கு 58 விநாடி. மீட்டரில் தப்பே இல்லை. பிறகு 530 எப்படி வந்தது? அதைக் கடைசியில் பார்ப்போம்.

சூடாக்கும் எடி கரண்ட்

இண்டக்ஷன் அடுப்பின் கண்ணாடிக்குக் கீழே ஒரு செம்புக் காயில் இருக்கிறது. அதில் விநாடிக்கு 20,000 முறைக்கு மேல் மாறும் மின்சாரம் பாய்கிறது. அந்தக் காந்தப்புலம் பாத்திரத்தின் அடியில் எடி கரண்டை உண்டாக்க, பாத்திரமே அடுப்பாக மாறிச் சூடாகிறது.

அலுமினிய குக்கரை வைத்தால் ஏன் வேலை செய்வதில்லை? அலுமினியத்தில் எடி கரண்ட் உண்டாகாமல் இல்லை. ஆனால் தடை மிகக் குறைவு என்பதால் போதிய சூடு உண்டாவதில்லை. இரும்பு காந்தப்புலத்தைத் தன்பால் இழுத்து, மின்னோட்டத்தை அடிப்பரப்பின் மெல்லிய படலத்துக்குள் நெருக்கிவிடும். நெருக்கடியில் ஓடும்போது தடை அதிகம், சூடும் அதிகம். பாத்திரம் வாங்கப் போகும்போது ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். அடியில் நன்றாக ஒட்டினால் அது இண்டக்ஷனுக்கு ஆகும்.

செல்போனை மேலே வைத்தால் சார்ஜ் ஏறும் ஒயர்லெஸ் சார்ஜரும் இதே குடும்பம்தான். இங்கே விநாடிக்கு 1 லட்சம் முறைக்கு மேல் புலம் மாறுகிறது. போனுக்கும் சார்ஜருக்கும் நடுவே நாணயமோ சாவியோ சிக்கிக்கொண்டால் அது நன்றாகச் சூடாகிவிடும். தரமான சார்ஜர், போக வேண்டிய சக்தி குறைவதைக் கண்டு தானே நிறுத்திக்கொள்ளும். மலிவான சார்ஜரில் அந்த வசதியை நம்ப முடியாது. போன் கவரின் பின்புறம் உலோகத் தகடு ஒட்டி, கார் ஹோல்டரில் மாட்டுகிறவர்கள் சார்ஜ் போடும்முன் அதைக் கழற்றிவிடுங்கள்.

தாம்பரம் ரயிலில் எடி கரண்ட் பிரேக்கா?

'மின்சார ரயிலிலும் இந்தக் காந்த பிரேக்தானா?' என்று கேட்கலாம். இல்லை, ஆனால் நெருங்கிய உறவு.

பீச்–தாம்பரம் மின்சார ரயில் 1931-ல் மீட்டர் கேஜ் பாதையில் ஓடத் தொடங்கியது. தாம்பரத்தை விட்டால் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம் என்று வரிசையாக நிறுத்தம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ரயிலின் வேகத்தை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். 400 டன் ரயில் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் வருவதாக வைத்துக்கொண்டால், அதன் இயக்க ஆற்றல் சுமார் 22 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். பிரேக் கட்டையை உரசி நிறுத்தினால் அத்தனையும் சூடாகி வீணாகிறது.

புதிய ரயில்களில் ரீஜெனரேட்டிவ் பிரேக் இருக்கிறது. 2025 ஏப்ரலில் பீச்–செங்கல்பட்டு பாதைக்கு வந்த ஏ.சி. மின்சார ரயில், பெரம்பூர் ஐ.சி.எஃப். தயாரிப்பு. இத்தகைய ரயில்களில் பிரேக் போடும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி, மின்சாரத்தை மேலே உள்ள ஒயருக்கே திருப்பி அனுப்பும். இங்கேயும் வேலை செய்வது லென்ஸ் விதிதான். ஒரே வித்தியாசம், மின்சாரம் தகட்டுக்குள் சுழன்று சூடாகாமல் காயில் வழியாக வெளியே வந்து பயன்படுகிறது.

இதே தந்திரம் உங்கள் ஹார்ட் டிஸ்க்கிலும் உண்டு! திடீரென்று கரண்ட் போனால், தட்டின் மேல் மயிரிழையை விடக் குறைந்த உயரத்தில் மிதக்கும் ஹெட், தட்டின் மேல் விழுந்து கீறிவிடும். அதைத் தடுக்க, இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் தட்டின் மோட்டாரையே ஒரு கணம் ஜெனரேட்டராக மாற்றி, அதில் கிடைக்கும் மின்சாரத்தில் ஹெட்டைப் பாதுகாப்பான இடத்துக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் இது ஹெட்டைத்தான் காப்பாற்றும், நீங்கள் 'சேவ்' செய்யாத ஃபைலைக் காப்பாற்றாது. அதற்கு யு.பி.எஸ். கட்டாயம் வேண்டும்.

நிஜமான எடி கரண்ட் பிரேக் உள்ள ரயில்களும் உண்டு. ஜப்பானின் ஷின்கன்சென் 100 வரிசை ரயில்களில் மோட்டார் இல்லாத பெட்டிகளுக்கு இதை வைத்தார்கள். பிறகு வந்த என்700 ரயில்களில் ரீஜெனரேட்டிவ் பிரேக்கே போதும் என்று விட்டுவிட்டார்கள். ஜெர்மனியின் ஐ.சி.இ. 3 ரயிலில், தண்டவாளத்துக்குச் சில மில்லி மீட்டர் மேலே மின்காந்தங்கள் இறங்கும். சக்கரம் வழுக்கும் மழையிலும் பிரேக் பிடிக்கும், தேய்மானமும் கிடையாது. ஆனால் சூடு முழுவதும் தண்டவாளத்தில் ஏறும். சிக்னல் கருவிகளையும் பாதிக்கலாம். அதனால் கொலோன்–ஃபிராங்ஃபர்ட் போன்ற, அதற்கென்றே அமைத்த பாதைகளில்தான் தினசரி பிரேக்காகப் பயன்படுத்துகிறார்கள்.

இன்னொரு குறையும் உண்டு. வேகம் இருந்தால்தான் எடி கரண்ட், எடி கரண்ட் இருந்தால்தான் பிரேக். வேகம் குறையக் குறைய பிரேக்கும் குறைந்துவிடும். முழுவதும் நிறுத்தி, சரிவில் உருளாமல் பிடித்து வைக்க உரசும் பிரேக்தான் வேண்டும். வீட்டு எக்ஸர்சைஸ் சைக்கிளில் இந்தக் குறையே வசதியாகிறது. திருகைத் திருப்பினால் காந்தம் சக்கரத்தை நெருங்கும், மிதிப்பது கடினமாகும்; மெதுவாக மிதித்தால் தானே இலகுவாகும். தேயவும் தேயாது, சத்தமும் வராது.

கண்டுபிடிக்கும் எடி கரண்ட்

மீனம்பாக்கம் விமான நிலையத்திலும் மெட்ரோ ரயில் நிலையங்களிலும் நாம் நுழைந்து போகும் சட்டத்துக்குள் காயில்கள் இருக்கின்றன. பையில் சாவிக்கொத்து இருந்தால் அதில் எடி கரண்ட் ஓடி, காயிலின் புலத்தைக் கொஞ்சம் கலைக்கும். அந்தச் சின்னக் கலக்கத்தைக் கண்டுபிடித்துத்தான் 'பீப்' அடிக்கிறது. ஜி.எஸ்.டி. சாலையில் பரனூர் போன்ற சுங்கச்சாவடிகளில் தரையில் செவ்வகமாக வெட்டித் தார் பூசிய கோடு தெரிந்தால் கவனியுங்கள். அடியில் புதைத்த ஒயர் வளையத்தின் மேல் கார் வந்ததும், அதன் உலோக உடலில் எடி கரண்ட் ஓடுவதை வைத்து வண்டி வந்திருப்பதைக் கருவி தெரிந்துகொள்ளும்.

உயிர் காக்கும் பயன்பாடு கல்பாக்கத்தில் இருக்கிறது. இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் இருக்கும் அந்த ஊரின் வேக ஈனுலைகளில் சூட்டை எடுத்துச் செல்வது உருகிய சோடியம். நீராவி ஜெனரேட்டரில் குழாயின் ஒரு பக்கம் சோடியம், மறு பக்கம் தண்ணீர். சோடியமும் தண்ணீரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது பள்ளியில் வேதியியல் படித்த எல்லோருக்கும் தெரியும். 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையில் இந்தக் குழாய்கள் 23 மீட்டர் நீளம். உள்ளே கண்ணால் பார்க்க முடியாது. காயில் பொருத்திய சிறு கருவியைக் குழாய்க்குள் அனுப்புவார்கள். குழாயில் விரிசலோ தேய்வோ இருந்தால் எடி கரண்ட் அந்த இடத்தில் சுற்றிப் போகும், சிக்னல் மாறும். குழாய் இரும்பு வகை எஃகு என்பதால் சாதாரண முறை சரிவராது. 'ரிமோட் ஃபீல்டு' என்ற தனி முறையை மைய விஞ்ஞானிகள் இதற்காக உருவாக்கியிருக்கிறார்கள். விமான இறக்கையில் பெயின்ட்டுக்கு அடியில் இருக்கும் மயிரிழை விரிசலைத் தேடுவதும் எடி கரண்ட்தான்.

இனி என்ன?

ஓ.எம்.ஆர். சாலையை ஒட்டிய தையூரில், சென்னை ஐ.ஐ.டி.யின் வளாகத்தில் 422 மீட்டர் ஹைப்பர்லூப் சோதனைத் தடம் அமைந்திருக்கிறது. காற்றை உறிஞ்சிவிட்ட குழாய்க்குள் காந்த மிதவையில் வண்டி ஓட வேண்டும் என்பது ஹைப்பர்லூப் யோசனை. தொடாமல் ஓடும் வண்டியைத் தொடாமலே நிறுத்த எடி கரண்ட் பிரேக் பொருத்தமானது. ஆனால் காற்றே இல்லாத குழாயில் அந்தச் சூட்டை எங்கே வெளியேற்றுவது என்பது பெரிய கேள்வி.

குப்பையிலும் இதற்கு வேலை இருக்கிறது. மறுசுழற்சி ஆலைகளில் கன்வேயர் பெல்ட்டின் முனையில் காந்தங்கள் பதித்த உருளை வேகமாகச் சுற்றும். அலுமினிய கேன் அங்கே வந்ததும் எடி கரண்டால் தள்ளப்பட்டுத் தவளை போல் தாவித் தனித் தொட்டியில் விழும். பிளாஸ்டிக்கும் பேப்பரும் கீழேயே விழும்.

சார் வீட்டு 530

மீட்டர் சரி என்று தெரிந்ததும் வீட்டுக்குள் தேடினோம். மீட்டர் மாற்றிய அதே சமயத்தில் வீட்டுக்கு ஒரு புது விருந்தாளி வந்திருந்தது. மகள் வாங்கிக் கொடுத்த இண்டக்ஷன் அடுப்பு! 1200 வாட்டில் தினமும் அரை மணி நேரம் ஓடினால் 0.6 யூனிட். 60 நாளைக்கு 36 யூனிட்.

அடுத்தது சும்மா ஓடுகிறவை. மோடம் 8 வாட், செட் டாப் பாக்ஸ் 10 வாட், கம்ப்யூட்டர் யு.பி.எஸ். சுமார் 15 வாட். மொத்தம் 33 வாட். 60 நாளில் 1440 மணி நேரம்; பெருக்கினால் 47 யூனிட்டுக்கு மேல். பழைய தேய்ந்த மீட்டர் இதில் ஒரு பகுதியைக் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கும். புது மீட்டர் விடவில்லை, அவ்வளவுதான்.

அடுப்பை நிறுத்தச் சொல்லவில்லை. அதனால் கேஸ் மிச்சமாகிறது. டி.வி. பார்க்காதபோது செட் டாப் பாக்ஸை பிளக்கிலேயே அணைக்கவும், கம்ப்யூட்டர் போடாத நாளில் யு.பி.எஸ்.ஸை அணைக்கவும், இரவில் மோடத்தை நிறுத்தவும் சொன்னேன். அடுத்த முறை 496 வந்தது. 500-க்குள் வந்துவிட்டது.

"அப்ப பழைய மீட்டர்தான் தம்பி பொய் சொல்லியிருக்கு" என்றார் சார், கொஞ்சம் வருத்தத்தோடு.

"பொய் இல்லை சார், வயசாயிடுச்சு. நீங்க ரிட்டயர் ஆன மாதிரி அதுவும் ரிட்டயர் ஆயிடுச்சு" என்றேன். சிரித்துவிட்டுப் போனார்.

இந்த வாரமே உங்கள் மீட்டரின் மின்னலை ஒரு முறை எண்ணிப் பாருங்கள். பரணில் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்கையும் இறக்கி, வீட்டுப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு காந்தத்தைக் காட்டுங்கள். பிளஸ் டூ-வில் லென்ஸ் விதி வரும்போது அவர்கள் அதை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.